ரிவெட் உள்ள பெட்டியில் வினைல்: மேலேயே ஒட்டுவதா, சுற்றி வெட்டி விடுவதா, பெயிண்டுக்கே போவதா?

பார்சல் வண்டி, பால் வேன், ஃபுட் டிரெய்லர் என்று எதுவாக இருந்தாலும், பக்கவாட்டில் விளம்பரம் ஒட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது சதுர அடி என்ன ரேட் என்றுதான். அதற்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியது தகட்டில் வரிசையாக நிற்கிற ரிவெட்டைப் பற்றி. வழவழப்பான தகட்டில் மலிவு வினைல் ஸ்டிக்கர்கூட ஓரளவு மானத்தைக் காப்பாற்றிவிடும். அதையே ரிவெட் வரிசை மேல் இழுத்து ஒட்டினால் ஒரு கோடையைத் தாண்டுவதே சந்தேகம், ஏனென்றால் தூக்குவது, கிழிவது, தண்ணீர் இறங்குவது எல்லாமே ரிவெட்டைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். மடிப்புத் தகட்டை வெல்டிங் வைத்துக் கட்டிய இரும்பு கன்டெய்னர் தனிக் கதை. நான் சொல்வது, அலுமினியத் தகட்டை ஃபிரேமில் ரிவெட் அடித்துக் கட்டிய பெட்டிகளைப் பற்றி.

ரிவெட் என்ன செய்கிறது என்று ஒரு தடவை கிட்டப் போய்ப் பாருங்கள். நம்ம ஊர் பாடி பில்டர்கள் நிறைய அடிக்கிற 4.8 மில்லிமீட்டர் பாப் ரிவெட்டின் தலை ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் உயரம். அந்தக் குமிழை முழுக்க மூட, தட்டையாக இருந்தபோது இருந்த பரப்பைவிட வினைல் பத்து சதவீதம் போல விரிந்தாக வேண்டும். கேட்க இது பெரிய கணக்கு இல்லை. ஆனால் பிரச்சினை குமிழின் உச்சியில் இல்லை, தலை தகட்டைத் தொடுகிற அடி விளிம்பில் இருக்கிறது. வினைல் உச்சியிலிருந்து நேராகச் சரிந்து தகட்டுக்கு வரப் பார்க்கும், அந்த மூலைக்குள் தானாக இறங்காது. தலையைச் சுற்றி ஒரு வளையம் ஒட்டாமல் தூக்கி நிற்கும், உள்ளே காற்று இருக்கும். அந்த வளையத்தை எப்படிக் கீழே இறக்குகிறோம், இறக்கினது இறங்கின இடத்திலேயே நிற்குமா என்பதுதான் இந்த வேலை முழுவதும்.

நிற்குமா என்பதை ஃபிலிமின், அதாவது அந்த வினைல் தாளின், பிறப்பு தீர்மானிக்கிறது. காலண்டர்டு வினைல் என்பது பிவிசியைச் சூடாக்கி உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துத் தகடாக்கியது. அந்த இழுவை உள்ளேயே தங்கிவிடும், சூடு பட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். காஸ்ட் வினைல் அப்படி இல்லை. திரவமாக ஊற்றி, உலர வைத்து, அடுப்பில் பதமாக்கி எடுக்கிறார்கள், யாரும் அதை இழுக்கவில்லை, அதனால் உள்ளே திரும்பிப் போகிற வேகம் கிட்டத்தட்ட இல்லை. தடிமனும் குறைவு: காஸ்ட் 50 மைக்ரான் அளவில் இருக்கும், காலண்டர்டு 70 முதல் 100 வரை போகும். காலண்டர்டிலேயே மோனோமெரிக், பாலிமெரிக் என்று இரண்டு உண்டு. மோனோமெரிக்தான் கடைகளில் சும்மா 'வினைல் பிரிண்ட்' என்று சொல்லி ஓட்டுவது. பாலிமெரிக் அதைவிடச் சுருங்காது, வெயிலும் தாங்கும், ஆனாலும் காஸ்ட் ஆகிவிடாது.

முதல் வழி, மோனோமெரிக்கை அப்படியே ரிவெட் மேல் ஒட்டி ஹீட் கன் காட்டி அழுத்திவிடுவது. ஊரில் அதிகம் நடப்பது இதுதான், வண்டியை வெளியே எடுக்கும்போது பார்க்க நன்றாகவும் இருக்கும். இதைச் செய்யாதீர்கள். ஒரு மாதத்து ஆஃபர், தேர்தல் நேரப் பிரசாரம், ஒரு கண்காட்சி, இப்படிக் கழற்றப் போகிற தேதி முன்பே தெரிந்தால் மட்டும் சரி. மற்றபடி ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு வளையம் கிளம்பும், அதில் தூசி ஏறும், வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடிக்கிற பையன் அங்கே பீய்ச்சும்போது துண்டாகக் கிளம்பும். ஃபிலிம் கம்பெனிகளின் தயாரிப்புத் தாளிலேயே பெரும்பாலான காலண்டர்டு ரகங்களுக்குத் தட்டையான பரப்பு, எளிய வளைவு என்றுதான் போட்டிருப்பார்கள். ரிவெட் என்று போட்டிருப்பது அபூர்வம்.

இரண்டாவது வழி காஸ்ட் ஃபிலிம், அதன்மேல் காஸ்ட் லேமினேஷன் (பிரிண்டைக் காக்க மேலே ஒட்டுகிற நிறமில்லாத ஃபிலிம்), ரிவெட்டை முழுக்க மூடி ஒட்டுவது. 3எம் ஐஜே180 வரிசை, ஏவரி டென்னிசனின் எம்பிஐ 1105 போன்றவை இந்த ரகம். ஐந்து வருஷம், அதற்கு மேலும் வண்டியில் இருக்கப் போகிற விளம்பரம், முழுப் பக்கமும் போட்டோ, கம்பெனிக்குச் சொந்த வண்டி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். விலை மலிவு வினைலைப் போலப் பல மடங்கு, மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் காசு கொடுக்கிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். '3எம் போடுறோம்' என்று சொன்னால் அது காஸ்ட் என்று அர்த்தம் இல்லை, அதே கம்பெனி காலண்டர்டும் விற்கிறது. ரோலின் நம்பரைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். லேமினேஷன் நம்பரையும் கேளுங்கள், ஏனென்றால் அடியில் காஸ்ட் போட்டு மேலே மலிவு காலண்டர்டு லேமினேஷன் ஒட்டினால் மேலே இருப்பது சுருங்கும்போது கீழே இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், காஸ்டுக்குக் கொடுத்த காசு அத்தனையும் வீண். சால்வென்ட் (ஆவியாகிற கரைப்பான்) கலந்த மை ஓடுகிற மெஷினில் பிரிண்ட் எடுத்தால் லேமினேஷனுக்கு முன்னால் ஒரு நாளாவது ஆற விட வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு மூடிய பிரிண்டில் சால்வென்ட் பசைக்குள் இறங்கி அதைக் குழைத்துவிடும், அது முதலில் தெரியப் போவதும் ரிவெட்டில்தான்.

இதை ஒட்டுகிற முறையை வண்டிக்காரரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, பக்கத்தில் நின்று பார்த்தால் சரியாக நடக்கிறதா என்று புரியும். முதல் நாளே வண்டியைக் கழுவ வேண்டும், ஒட்டுகிற அன்று காலையில் இல்லை. தகடு மேல் தகடு ஏறுகிற மூட்டுக்குள் தண்ணீர் ஒளிந்திருந்து மணிக்கணக்கில் கசியும், ஐப்பசி கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைக்கும்போது ரிவெட் தலையைச் சுற்றி ஒரு பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் துணி அந்த மூலைக்குள் போகாது, அழுக்கு அங்கேயே உட்கார்ந்திருக்கும். வண்டி நிழலில் நிற்க வேண்டும். மே மாத மதியத்தில் தகட்டில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த வராது. தகடு 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது ஒட்டுவதுதான் பெரும்பாலான ஃபிலிம்களுக்குச் சரி, நம்ம வெயிலுக்கு அது காலை வேளை.

ஃபிலிமை இழுக்காமல் ரிவெட் மேலேயே ஸ்குயீஜியை, அதாவது அழுத்தித் தேய்க்கிற பட்டையை, ஓட்டித் தட்டையாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும், ரிவெட்டைச் சுற்றி நிற்கிற வளையத்தை அந்த நேரத்தில் தொடவே கூடாது. முழுப் பக்கமும் ஒட்டி முடித்த பிறகுதான் ஒவ்வொரு ரிவெட்டாக வர வேண்டும். வளையத்தின் ஓரத்தில் மெல்லிய ஊசியால் இரண்டு மூன்று குத்து. கட்டர் முனையால் குத்தினால் அது கீறல், சூட்டில் வாய் பிளக்கும். ஊசித் துளை மூடிக்கொள்ளும். அப்புறம் ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே காட்ட வேண்டும். ஃபிலிம் தளர்ந்து பளபளப்பு மாறும்போது ரிவெட் பிரஷை, அதாவது முடி குட்டையான விறைப்பான வட்ட பிரஷை, வளையத்தின் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக் காற்றைத் துளை வழியாக வெளியேற்றி, கடைசியில் தலையின் அடியில் நன்றாக அழுத்த வேண்டும். விரலால் அழுத்தினால் கை சுடும், அழுத்தமும் மூலைக்குப் போகாது. எல்லாம் முடிந்ததும் விரிந்த இடங்களுக்கு மட்டும் இன்னொரு சூடு. காஸ்ட் ஃபிலிம்களுக்கு 95 டிகிரி அளவு என்று சொல்வார்கள், உங்கள் ரோலுக்கு எவ்வளவு என்பது தயாரிப்புத் தாளில் இருக்கும். காசு மிச்சம் பிடிக்க நினைக்காமல், சூட்டை அளக்கிற டெம்பரேச்சர் கன் ஒன்று கையில் இருக்கட்டும். இந்தக் கடைசிச் சூட்டை விட்டுவிடுகிற கடைகள்தான் அதிகம், காஸ்ட் போட்டும் தூக்குகிறது என்று வருகிற புகாரில் பெரும்பகுதி இதனால்தான்.

பாப் ரிவெட்டில் இன்னொரு தொல்லை உண்டு. அடிக்கும்போது நடுவில் இருக்கிற ஆணி முறிந்து, தலை நடுவே ஒரு ஓட்டை நிற்கும். அதை வினைலால் மூடினால் உள்ளே காற்று அடைபடும், வெயிலில் அது விரிந்து தலைக்கு மேலே குமிழ் எழும்பும். அந்த ஓட்டைக்கு நேரே ஊசியால் ஒரு குத்து விட்டுவிடுவது குறைந்தபட்சம். முழுப் பக்கப் போட்டோ என்றால் ஒட்டுவதற்கு முன்பே ஓட்டைகளைப் பட்டி வைத்து நிரப்பி, காய்ந்ததும் தேய்த்துச் சமப்படுத்திவிடலாம். பாடி கட்டும் நிலையிலேயே விளம்பரம் போடப் போகிறோம் என்று தெரிந்தால், தலை மூடின ரிவெட் அடிக்கச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. அலுமினிய ரிவெட்டில் உள்ளே நிற்கிற மிச்ச ஆணி இரும்பாக இருந்தால், தூத்துக்குடி, எண்ணூர் என்று துறைமுகத்துக்கு ஓடுகிற வண்டிகளில் உப்புக் காற்றுக்கு அது சீக்கிரம் துருப்பிடித்துப் பழுப்பாக வடியும். வினைலுக்கு அடியில் துரு ஏறினால் அதைத் தடுக்க எந்த ஃபிலிமாலும் முடியாது.

ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தலையைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி வழிந்திருந்தால் அந்த ரிவெட் ஆடுகிறது என்று அர்த்தம், ஓட்டத்தில் தகடும் தலையும் உரசி அந்தப் பொடி வருகிறது. அதைத் துடைத்துவிட்டு மேலே ஒட்டினால் என்ன ஃபிலிமாக இருந்தாலும் அங்கே கிழியும். ஒட்டுவதற்கு முன் அதை எடுத்துவிட்டுப் புது ரிவெட் அடித்தே ஆக வேண்டும். பழைய வண்டியில் இப்படிப் பாதி ரிவெட் ஆடுகிறது என்றால் மேலே மூடுகிற யோசனையையே கைவிடுங்கள்.

மூன்றாவது வழி அங்கேதான் வருகிறது: ஒட்டி முடித்த பிறகு ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் வட்டமாக வெட்டி, தலையை வெளியே விட்டுவிடுவது. இது வேலை தெரியாதவர் செய்வது என்று ஒரு பேச்சு இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இழுவை இல்லை, காற்று இல்லை, தூக்க வளையமும் இல்லை. பாலிமெரிக் ஃபிலிமை ரிவெட் உள்ள பெட்டியில் நேர்மையாகப் பயன்படுத்த இது ஒன்றுதான் வழி. தலையை விட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்ட வேண்டும். அதற்கென்றே வட்டமாக வெட்டுகிற ரிவெட் கட்டர் கிடைக்கிறது, கையால் வெட்டினால் பிளேடு தகட்டைக் கீறும், பெயிண்ட் போய்விட்ட அந்தக் கீறலில்தான் பிறகு அரிப்பு பிடிக்கும். குறை என்ன என்றால் தலைகள் கண்ணுக்குத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை ரிவெட் பத்தடி தள்ளி நின்றால் மறைந்துவிடும். கருநீலத்திலோ ஒரு குழந்தையின் முகத்திலோ வரிசையாக வெள்ளிப் புள்ளி வந்தால் அசிங்கமாக இருக்கும், அங்கே தலைக்கு அதே நிறத்தில் பெயிண்ட் தொட்டு வைக்க வேண்டும். இன்னொரு குறை, ஒவ்வொரு வட்டமும் ஒரு வெட்டு விளிம்பு. பிரஷர் வாஷில் குழாய் முனையைக் கிட்டே கொண்டு போகாதே என்று டிரைவரிடம் சொல்லி வைப்பது அவசியம்.

இதைவிடச் செலவு குறைந்த, அதிகம் பேர் யோசிக்காத வழி, டிசைனையே ரிவெட்டுக்குத் தகுந்தபடி போடுவது. தகடு நாலடிக்கு எட்டடியாக வருகிறது, ரிவெட் மூட்டிலும் உள்ளே தூண் நிற்கிற இடத்திலும்தான் இருக்கும். நடுவில் சுத்தமான வெற்றிடம் கிடைக்கும். டிசைனருக்கு வண்டியின் நீளமும் உயரமும் மட்டும் அனுப்பாமல், டேப்பைத் தகட்டில் பிடித்து நேராக நின்று எடுத்த போட்டோவும், ரிவெட் வரிசைக்கு வரிசை எவ்வளவு தூரம் என்ற அளவும் சேர்த்து அனுப்புங்கள். பெயர், லோகோ, போன் நம்பர் அந்த வெற்றிடத்துக்குள் உட்காரட்டும், பின்னணி நிறம் பெயிண்டாக இருக்கட்டும். வெட்டி எடுத்த எழுத்தாக ஒட்டினால் முழுப் பக்கமும் ஃபிலிம் வாங்க வேண்டியதில்லை, ஏதாவது ஒரு எழுத்தின் கால் மட்டும் ஒரு ரிவெட் மேல் ஏறினால் அதை வெட்டிவிட்டுப் போகலாம். ஒரு சின்ன பிசினஸ், ஒரே ஒரு வண்டி என்றால் என்னுடைய முதல் சிபாரிசு இதுதான், காஸ்ட் முழுச் சுற்று இல்லை. எப்படி ஒட்டினாலும் இரண்டு ஷீட் சேருகிற இடம் ரிவெட் வரிசை மேல் வரக் கூடாது. வண்டியின் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி ஒட்டி வந்தால் முன் ஷீட்டின் ஓரம் பின் ஷீட்டின் மேல் ஏறும், காற்று கிளப்பாது.

ஸ்க்ரூவுக்கு வேறு சட்டம். அதை மூடாதீர்கள், எந்த ஃபிலிமாக இருந்தாலும். ரிவெட் தலை வழவழப்பான குமிழ், ஸ்க்ரூ தலையில் பள்ளமும் கூர் விளிம்பும் இருக்கிறது. அறுகோணத் தலையோடு ரப்பர் வாஷர் போட்டு முடுக்குகிற தானே துளைக்கிற ஸ்க்ரூ என்றால் உயரமும் அதிகம், பக்கம் செங்குத்து, ஃபிலிம் அங்கே இறங்கவே வழியில்லை. அது போக ஸ்க்ரூ என்பது கழற்றுவதற்காகப் போட்டது. லைட், கீல், பூட்டு, ஃபுட் டிரெய்லரில் வெளிக்காற்று ஜன்னல், கேஸ் பெட்டிக் கதவு என்று எதையாவது ரிப்பேர் பார்க்க எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரோடு வருவார், மேலே ஒட்டிய படத்தைக் கிழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். சரியான முறை: ஸ்க்ரூவைக் கழற்றி, ஃபிலிமை ஒட்டி, துளையைச் சுற்றி ஸ்க்ரூ தண்டைவிடப் பெரிதாகவும் வாஷரைவிடச் சிறிதாகவும் ஒரு வட்டம் வெட்டி எடுத்து, பிறகு முடுக்க வேண்டும். துளையைப் பெரிதாக வெட்டாவிட்டால் ஸ்க்ரூ திரும்பும்போது ஃபிலிமையும் சேர்த்து முறுக்கிச் சுருக்கம் விழ வைக்கும். ஸ்க்ரூவைச் சுற்றி சிலிக்கான் தடவியிருந்தால் அதைச் சுரண்டி எடுக்காமல் ஒன்றுமே ஒட்டாது, சிலிக்கான் மேல் வினைல் பசை நிற்பதில்லை. துடைக்கும் துணியில் பட்டால் அது பக்கத்துத் தகட்டுக்கும் பரவும், அதனால் அந்த இடத்துக்குத் தனித் துணி வையுங்கள்.

பெயிண்ட் இன்னும் உயிரோடு இருக்கிற வழி, அதை மறந்துவிட வேண்டாம். நாமக்கல் பக்கம் பாடி கட்டுகிற இடங்களில் கை எழுத்துக்காரர்கள் ரிவெட் மேல் பிரஷ் ஓட்டுவதைப் பார்த்தால், நாம் இவ்வளவு நேரம் பேசிய பிரச்சினையே அவர்களுக்கு இல்லை என்று தெரியும். பெயர், ஊர், நம்பர், இரண்டு மூன்று நிறம், வருஷக்கணக்கில் மாறாத விஷயம் என்றால் பெயிண்டே போதும், தூக்காது, உரிக்க வேண்டியதும் இல்லை. போட்டோ வேண்டும், பத்து வண்டியும் ஒரே அச்சாக இருக்க வேண்டும், இரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டும் என்றால் பெயிண்ட் உதவாது.

ரிவெட்டையே மறைக்கிறேன் என்று 3 மில்லிமீட்டர் ஏசிபி ஷீட்டை (இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) மேலே ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓரிடத்தில் நிற்கிற ஃபுட் டிரெய்லருக்கு அது அருமையான யோசனை, பரப்பு கண்ணாடிபோல் வந்துவிடும், சாதாரண பாலிமெரிக்கே போதும். நெடுஞ்சாலையில் ஓடுகிற 20 அடிப் பெட்டிக்கு வேண்டாம் என்பேன். சதுர மீட்டருக்கு 4 கிலோ அளவில் எடை வரும், ஒரு பக்கத்துக்கே 50, 60 கிலோ கூடுகிறது. வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது, ஏற்கெனவே முழு அகலத்துக்குக் கட்டிய பெட்டியில் இடமே இருக்காது.

ரேட் பேசும்போது பிரித்து எடுக்கிற செலவையும் கணக்கில் சேருங்கள். காஸ்ட் ஃபிலிமை ஹீட் கன் காட்டினால் பெரிய துண்டாக உரிக்கலாம். மோனோமெரிக் இரண்டு மூன்று கோடை தின்ற பிறகு அப்பளம் மாதிரி நொறுங்கும், நகத்தளவு நகத்தளவாகப் பெயர்த்து, மிச்சமாகிற பசையைத் தனியாகக் கரைத்து எடுக்க வேண்டும், ரிவெட்டைச் சுற்றி அது இன்னும் மோசம். வாடகை வண்டியில் ஒப்பந்தம் முடிந்ததும் சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தால், மலிவாக ஒட்டிய வண்டிதான் கடைசியில் அதிகம் செலவு வைக்கும். அங்கே பாலிமெரிக் போட்டு ரிவெட்டைச் சுற்றி வெட்டி விடுங்கள், நியாயமான நடுவழி அது. கம்பெனிக்குச் சொந்தமான, ரிவெட் இறுக்கமாக இருக்கிற புது வண்டிக்குக் காஸ்ட். ஆட்டம் கண்ட பழைய பெட்டிக்குப் பெயிண்டும் வெட்டு எழுத்தும்.

ஒளி திருப்புகிற டேப்பையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் ரேடியம் என்பது. முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று பெரிய வண்டிகளில் ஒட்டுவது சட்டப்படி கட்டாயம், ஏஐஎஸ்-090 தரத்தில் இருக்க வேண்டும். அதை எந்தப் படத்தாலும் மூடக் கூடாது, படத்தை ஒட்டும்போது அந்தப் பட்டைக்கு இடம் விட்டே டிசைன் போட வேண்டும். இந்த டேப் விறைப்பானது, ஹீட் கன்னுக்கு வளைந்து கொடுக்காது. ரிவெட் மேல் நேராக ஓட்டினால் இரண்டு பக்கமும் தூக்கும், உடைந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் இரவில் அந்தத் துண்டு ஒளிரவே ஒளிராது. ரிவெட் வருகிற இடத்தில் வட்டமாகத் துளை போட்டோ, ரிவெட்டுக்கு இரண்டு பக்கமும் துண்டாக வெட்டியோ ஒட்டச் சொல்லுங்கள், வெட்டின ஓரங்களை நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். ஒட்டின மறுநாள் வெயில் ஏறிய பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ரிவெட் வரிசைகளைக் கையால் தடவிப் பார்த்து, எங்கே தூக்கியிருக்கிறதோ அங்கே சூடு காட்டி பிரஷ் போட வைத்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.